ஸ்பிரே ஃபோம் கூரையும் கண்ணுக்குத் தெரியாத ஈரமும்

"வேலை நடக்கும்போது மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்காத கட்டட உரிமையாளரை நான் இதுவரை பார்த்ததில்லை. துப்பாக்கியால் தெளித்ததும் நுரைத்து இறுகும் ஸ்பிரே ஃபோமைக் கூரைமேல் மூடியாக அடிப்பது எங்கள் வேலை. மழை வந்தால் டிரம்மை மூடிவிட்டு இறங்கிவிடுவோம், அவ்வளவுதான். எங்களை அலைக்கழிப்பது, வானம் பளிச்சென்று இருக்கிற நாளில் கூரைக்குள்ளேயும் கூரைமேலேயும் ஒளிந்திருக்கிற ஈரம். அண்மையில் முடித்த ஒரு கிடங்குக் கூரையில் அதோடு மல்லுக்கட்டியதை இங்கே எழுதிவைக்கிறேன்.

கிடங்கின் பெரும்பகுதி பழைய கான்கிரீட் தளம். பிற்பாடு நீட்டிய பகுதிக்குத் தகரக் கூரை. கான்கிரீட்டில் வாட்டம் சரியில்லாமல் நடுவில் தண்ணீர் தேங்கும். தகரத்தில் திருகாணி போட்ட இடமெல்லாம் ஒழுகும். இரண்டுக்கும் சேர்த்து இணைப்பே இல்லாத ஒரே மூடியாக ஃபோம் அடித்து, பள்ளமான இடத்தில் கனத்தைக் கூட்டி வாட்டத்தையும் சரிசெய்வது என்று பேசினோம். இதற்கு முன்பே வாசல் பக்கத்துச் சின்னத் தளத்தில் வேறு யாரோ ஃபோம் அடித்திருந்தார்கள். அதில் ஆங்காங்கே கொப்புளம். மிதித்தால் கால் அமுங்கி, எடுத்தால் எழும்பியது.

அதை வெட்டிப் பார்க்காமல் வேலையைத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு கொப்புளத்தைச் சுற்றிக் கத்தியால் சதுரமாக அறுத்தோம். மேல் அடுக்கு எந்த எதிர்ப்பும் இல்லாமல் கழன்று கையோடு வந்தது. கீழ் அடுக்கின் மேற்பரப்பு வழவழவென்று இருந்தது. அதன்மேல் ஊசி முனையால் குத்தியதுபோல் சின்னச் சின்னக் குழிகள். கழன்ற துண்டைத் திருப்பிப் பார்த்தால், அடிப்பக்கத்தில் மட்டும் நுரைக்கண்கள், அதாவது நுரைக்குள் இருக்கும் குமிழ் அறைகள், பெரிதாக, வெறும் கண்ணுக்கே தெரியும்படி இருந்தன. அதற்கு ஒரு விரற்கடை மேலே அதே ஃபோம் நெருக்கமான கண்களோடு நன்றாகத்தான் இருந்தது. முதல் நாள் ஓர் அடுக்கு அடித்துவிட்டு, மறுநாள் காலையில் பனி காயும் முன் அடுத்த அடுக்கை ஏற்றியிருக்கிறார்கள் என்பதை அந்தத் துண்டே சொல்லிவிட்டது. இன்னோர் இடத்தில் ஃபோம் கான்கிரீட்டோடு ஒட்டவே இல்லை. அங்கே அதன் அடிப்பாகம் கண்ணாடி மாதிரி விறைத்து, விரலால் நெருடினால் பொடியானது. அந்தச் சின்னத் தளத்தில் ஒட்டுப்போட்டுப் பயனில்லை, முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டும் என்று உரிமையாளரிடம் சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் வாடியது. துண்டைக் கையில் கொடுத்த பிறகு மறுத்துப் பேசவில்லை.

இதற்குக் காரணம் வேதியியல். ஸ்பிரே ஃபோம் இரண்டு திரவங்களால் ஆனது. ஏ டிரம்மில் ஐசோசயனேட். பி டிரம்மில் பாலியால், அதோடு வினையூக்கி, நுரைக்கவைக்கும் பொருள், தீத்தடுப்பான் முதலியவை. இரண்டும் சூடாக்கப்பட்டு, தனித்தனி ஹோஸ் வழியாக வந்து, துப்பாக்கியின் முனையில் சரிபாதி அளவில் கலக்கின்றன. சில நொடிகளில் நுரைத்துப் பல மடங்கு பொங்கி இறுகிவிடும். ஐசோசயனேட் பாலியாலோடு சேர வேண்டும். ஆனால் தண்ணீரைக் கண்டால் அதனோடும் வினைபுரிந்து கரியமில வாயுவை வெளிவிடும். கூடவே விறைப்பான யூரியாவும் உருவாகும். அந்த வாயுதான் அடியில் மாட்டிக்கொண்டு கொப்புளமாகிறது. பாலியாலுக்குப் போய்ச் சேர வேண்டிய ஐசோசயனேட்டும் வீணாவதால் அந்த இடத்தில் கலவை விகிதம் குலைந்து, ஃபோம் பொடிந்துபோகிறது. பி திரவத்தில் தயாரிப்பாளரே கொஞ்சம் தண்ணீரைக் கணக்குப் பார்த்துச் சேர்ப்பதும் உண்டு. கணக்கில் வராத தண்ணீர்தான் வில்லங்கம்.

கான்கிரீட்டை முதலில் கவனித்தோம். பழைய நீர்க்காப்புப் பூச்சைச் சுரண்டி, அடைத்துக் கிடந்த மழைநீர்க் குழாய் வாய்களைத் திறந்துவிட்டோம். நல்ல வெயில். தளம் வெளுத்துப்போய்ப் புழுதி பறந்தது. கிடங்கின் மேற்பார்வையாளர் வந்து பார்த்துவிட்டு, "தொட்டால் சுடுகிறது சார், இதில் ஈரம் எங்கே இருக்கிறது?" என்றார்.

பேசிப் புரியவைப்பதைவிடப் பாலிதீன் தாளை ஒட்டிக் காட்டுவது எளிது. ஏறக்குறைய 45 செ.மீ. சதுரத்தில் கனமான, தெளிந்த பாலிதீனை வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் போட்டு ஒட்டிவிட்டுக் குறைந்தது 16 மணி நேரம் விட்டுவைக்க வேண்டும். ஏ.எஸ்.டி.எம். என்ற தர நிர்ணய அமைப்பின் டி 4263 சோதனை இதுதான். தளத்தின் பல மூலைகளிலும் ஒட்டினோம். மறுநாள் எடுத்தபோது மேடான பகுதிகளில் தாள் உலர்ந்து இருந்தது. தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் ஒட்டிய தாளின் அடியில் முத்து முத்தாக நீர்த்துளி. அதன் கீழே கான்கிரீட்டும் கறுத்திருந்தது. மேற்பார்வையாளர் அந்தத் தாளை வாங்கி உதறிப் பார்த்தார். அவர் கைமேல் தண்ணீர் தெறித்தது.

மின்சார ஈரமானியும் வைத்திருக்கிறேன். அதை ஓர் இடத்தை இன்னோர் இடத்தோடு ஒப்பிட மட்டுமே நம்புவேன். கான்கிரீட்டில் உப்பு பூத்திருந்தாலோ கம்பி மேலாக ஓடினாலோ அது காட்டும் எண் எகிறிவிடும்.

பள்ளத்தை உலர்த்துவதற்குத்தான் பொறுமை வேண்டியிருந்தது. "அண்ணே, கேஸ் பர்னரை வைத்துக் காட்டினால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடுமே" என்றான் உடன் வேலை செய்யும் பையன். கேஸ் எரியும்போது வெளிவரும் புகையிலேயே நீராவி இருக்கிறது. போதாததற்கு, தீச்சூட்டில் காய்வது மேல்தோல் மட்டும்தான். உள்ளே இருக்கும் ஈரம் பிற்பாடு மெதுவாக மேலேறும், அதற்குள் நாம் ஃபோமை அடித்து மூடியிருப்போம். எனவே காற்றாடி வைத்தோம். இரவில் பனி விழாமலிருக்கத் தார்ப்பாயை விரித்தோம். அதைத் தரையோடு தரையாகப் போட்டால் அடியில் வியர்த்து, பகலில் காய்ந்ததை இரவில் திருப்பிக் கொடுத்துவிடும். செங்கல் அடுக்கித் தூக்கிக் கட்டி, இரண்டு பக்கமும் காற்றுப் புகும்படி விட்டோம். பாலிதீன் சோதனையை அங்கே மறுபடியும் செய்து, தாள் உலர்ந்து வந்த பிறகுதான் பிரைமரை, அதாவது ஃபோமுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சை, எடுத்தோம்.

கான்கிரீட்டில் பிரைமர் அடிக்க நான் காலை நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை. வெயில் ஏற ஏறத் தளம் சூடாகும். அதன் நுண்துளைகளில் இருக்கும் காற்றும் ஆவியும் விரிந்து மேலே வரும். ஈரமான பிரைமரில் அவை குமிழியாகக் கிளம்பி, காய்ந்த பிறகு ஊசித்துளையாக நின்றுவிடும். பிற்பகலில் தளம் சூடு தணியத் தொடங்கும்போது அடித்தால் துளைகள் பிரைமரை உள்ளிழுத்துக்கொள்ளும். ஆனால் மாலைப் பனி இறங்குவதற்குள் அது காய்ந்தாக வேண்டும். இந்த இடைவெளி குறுகியது. ஆகவே தளம் முழுவதையும் ஒரே மூச்சில் அடிக்காமல் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டோம்.

தகரத்தின் கதை வேறு. அதற்குள் ஈரம் இறங்க முடியாது. மேலே படியும் ஈரம்தான் அதன் பிரச்சினை. தெளிந்த வானமுள்ள இரவில் தகரம் தன் வெப்பத்தை வானத்தை நோக்கி இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். காற்றில் மழையின் அறிகுறியே இல்லாதபோதும் தகரத்தின்மேல் தண்ணீர் நிற்பது இதனால்தான். செல்பேசியில் வானிலை பார்த்துவிட்டு "இன்று ஈரப்பதம் பரவாயில்லை" என்று முடிவெடுப்பவர்களிடம் எனக்குள்ள சண்டை இதுதான். செல்பேசி சொல்வது எங்கோ ஓரிடத்துக் காற்றின் நிலை. ஃபோம் ஒட்டப்போவது கூரையின் பரப்பில்.

பரப்பின் வெப்பநிலை, பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும். நாங்கள் விட்டுக்கொடுக்காத கணக்கு இது ஒன்றுதான். காற்றின் எந்த வெப்பநிலையில் அதிலுள்ள நீராவி துளியாக மாறத் தொடங்குமோ அதுவே பனிநிலை. ஒருநாள் காலை காற்று 24 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம். அதற்குப் பனிநிலை ஏறக்குறைய 22.3 டிகிரி. அப்படியானால் தகரம் 25.3 டிகிரியைத் தாண்டியிருக்க வேண்டும். தொடுமுனை வெப்பமானி 21 காட்டியது. கொஞ்சம் நேரமானதும் காற்று 28 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் ஆனது. பனிநிலை 23.2 டிகிரிக்குப் பக்கத்தில் வந்தது. காற்று நன்றாக உலர்ந்ததுபோல் தோன்றினாலும் பனிநிலை இறங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மாறியது தகரம்தான்: வெயில் பட்ட சரிவில் அது 35 டிகிரியைத் தாண்டிவிட்டது. தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும் பட்டையில் மட்டும் இன்னும் 24 டிகிரி. ஒரே கூரை, ஒரே நேரம். ஒரு பக்கம் அடிக்கலாம், இன்னொரு பக்கம் கூடாது.

வெப்பநிலையை அளப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. துப்பாக்கி போன்ற அகச்சிவப்பு வெப்பமானியைப் பளபளப்பான தகரத்தின்மேல் காட்டினால் தவறான எண் வரும். தகரம் தன் வெப்பத்தைக் காட்டாமல் வானத்தைப் பிரதிபலிக்கும். பளபளப்பில்லாத கறுப்பு டேப்பை ஒட்டி, கொஞ்சம் நேரம் கழித்து அந்த டேப்பின்மேல் அளக்க வேண்டும். இல்லாவிட்டால் தொடுமுனைக் கருவியே மேல்.

கருவி சரி என்று சொன்ன பிறகும் தகரத்தின் மடிப்புகளை நான் கையால் பார்ப்பேன். ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் தண்ணீர் இடுக்குக்குள் உறிஞ்சப்பட்டு நிற்கும். மேலே காய்ந்திருந்தாலும் விரலால் அழுத்தினால் கோடாகக் கசியும். திருகாணித் தலையைச் சுற்றியும் அப்படியே. டிஷ்யூ தாளை மடித்து இடுக்கில் நுழைத்து எடுப்பது என் வழக்கம். நனைந்து வந்தால் காற்றடித்து வெளியேற்ற வேண்டும். அந்தக் கம்ப்ரசர் காற்றிலும் நீர் இருக்கும்; வடிகட்டி வைக்காமல் அடித்தால் தண்ணீர் தெளிக்கிற வேலையாகிவிடும். துருவைத் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, தகரத்துக்கென்று உள்ள பிரைமர் அடித்ததைப் பற்றி விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை.

டிரம்முக்குள்ளும் ஈரம் போகும், இது பலருக்குத் தோன்றாது. ஏ டிரம்மிலிருந்து திரவம் குறையக் குறைய வெளிக்காற்று உள்ளே நுழையும். ஈரக்காற்று நுழைந்தால் ஐசோசயனேட் அதோடு வினைபுரிந்து கட்டிகட்டியாகும். வடிகட்டியும் துப்பாக்கி முனையும் அடைத்துக்கொள்ளும். ஆகவே காற்று நுழையும் வழியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா குப்பியை மாட்டிவைக்கிறோம். அதைவிட முக்கியமானது: ஏ டிரம்மில் தண்ணீர் விழுந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் இறுக மூடக் கூடாது. உள்ளே கரியமில வாயு சேர்ந்து டிரம் உப்பி வெடிக்கும். டிரம்களை ஈரத்தரையில் வைக்காமல் பலகைமேல், கூரையுள்ள இடத்தில் வைத்திருந்தோம். இரவுக் குளிரில் திரவம் கெட்டிப்பட்டுப் பம்பு ஒரு பக்கம் குறைவாக இழுத்தால், ஈரமே இல்லாமலும் விகிதம் குலைந்துவிடும்.

ஒவ்வொரு நாளும் முதலில் ஓர் ஒட்டுப்பலகைமேல் சோதனையாக அடிப்போம். அதை வெட்டிப் பார்த்தால் அன்றைய நிலவரம் தெரிந்துவிடும். கண்கள் சின்னதாக, ஒரே சீராக, நிறம் வெளிர்மஞ்சளாக இருக்க வேண்டும். கட்டை விரலால் அழுத்தினால் இறுகி நிற்க வேண்டும். மேற்பரப்பு ஆரஞ்சுத்தோல் அளவுக்குச் சொரசொரப்பாக இருப்பது சரி. பொரிபோல் உருண்டு உருண்டு வந்தாலோ மரப்பட்டைபோல் வெடித்திருந்தாலோ, ஃபோமை வெயிலிலிருந்து காக்க அடிக்கும் மேல்பூச்சு அந்த இடுக்குகளில் இறங்காது. அப்படி வந்தால் திரவத்தின் வெப்பம், அழுத்தம், காற்று என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும்.

காற்று எங்களை ஈரத்தைவிட அதிகம் காக்கவைத்தது என்றுகூடச் சொல்லலாம். வேகம் மணிக்கு 20 கி.மீ. பக்கம் வந்தால் தடுப்புத் திரை வேண்டும், 40 கி.மீ. என்றால் திரை வைத்தாலும் அடிக்கக் கூடாது. பறக்கும் துளிகள் நெடுந்தூரம் போய் வாகனங்களின் பெயிண்ட்மேல் ஒட்டிக்கொண்டால் எளிதில் வராது. கிடங்கு வாசலில் நின்ற லாரிகளை முன்கூட்டியே அகற்றச் சொல்லிவிட்டோம். காற்று வினையின் வெப்பத்தையும் அள்ளிக்கொண்டு போகும்; பரப்பு கரடாகி, கனமும் குறையும். விடியலில் காற்று அடங்கியிருக்கும், ஆனால் பனி இருக்கும். பனி காய்ந்ததும் காற்று கிளம்பும். இந்தத் தொழிலில் நல்ல நேரம் என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட சில மணி நேரம்தான்.

அந்த நேரத்துக்குள் எவ்வளவு பரப்பை முழுக் கனத்துக்கு முடிக்க முடியுமோ அவ்வளவை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஓர் அடுக்கு 12 மி.மீ. முதல் 40 மி.மீ. வரை. அதற்கு மேல் ஒரே வீச்சில் ஏற்றினால் உள்ளே வெப்பம் வெளியேற வழியில்லாமல் கருகும், தீப்பிடிக்கவும் கூடும். ஓர் அடுக்கு சூடு தணிந்ததும் அதே நாளில் அடுத்தது. கூரை முழுவதும் முதல் அடுக்கை அடித்துவிட்டு மறுநாள் இரண்டாவதைத் தொடங்குவது வேகமான வழியாகத் தோன்றும். வாசல் தளத்தில் வெட்டிய துண்டு எனக்கு மறக்கவில்லை. இரவைத் தாண்டியே ஆக வேண்டியது அந்தந்த நாள் முடிவின் ஓரம் மட்டும்தான். அதைச் சரிவாக இறக்கி விட்டுவிட்டு, மறுநாள் அதன் வெப்பநிலையை அளந்து, துடைத்து, பனி போனதை உறுதிசெய்த பிறகே அதன்மேல் ஏறினோம்.

மாலையிலும் அப்படித்தான். வெயில் இருக்கும்போதே நிறுத்துவதைப் பார்த்து மேற்பார்வையாளருக்குப் பொறுக்கவில்லை. தகரம் வெயில் சாய்ந்ததும் மளமளவென்று குளிரும். குளிர்ந்த உலோகம் வினையின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும்; அடி அடுக்கு சரியாகப் பொங்காமல் கெட்டியான தோலாக நின்று, பிறகு சுருங்கி ஓரங்களில் உரிந்து எழும். கிழக்குச் சரிவை முதலிலும் மேற்குச் சரிவைப் பிற்பாடும் வைத்துக்கொண்டது இதற்காக.

ஒரு பிற்பகலில் எதிர்பாராமல் தூறியது. பொங்கிக்கொண்டிருந்த ஒரு முழ அகலப் பட்டையில் துளி விழுந்த இடமெல்லாம் குழியாகி, அதைச் சுற்றி நுரை பெரிதாக வீங்கியது. அந்தப் பட்டையைப் பிறகு வெட்டி எடுத்துவிட்டோம். ஒரு நிமிடம் முன்னதாக அடித்த பகுதியில் தண்ணீர் உருண்டு ஓடியது, ஒன்றும் ஆகவில்லை. தோல் இறுகிய பிறகு மழை ஃபோமைக் கெடுக்காது. அடுத்த அடுக்கையும் மேல்பூச்சையும்தான் தாமதப்படுத்தும்.

மேல்பூச்சில் தாமதத்துக்கு எல்லை உண்டு. வெயிலின் புற ஊதாக் கதிர் ஃபோமின் மேற்பரப்பை அரிக்கும். வெளிர்மஞ்சள் முதலில் ஆரஞ்சாகவும் பிறகு பழுப்பாகவும் மாறி, கையால் தடவினால் தூளாக ஒட்டும். அந்தத் தூளின்மேல் எந்தப் பூச்சும் நிற்காது. பொதுவாக 72 மணி நேரத்துக்குள் முதல் பூச்சு ஏற வேண்டும் என்பார்கள். நான் மறுநாளைத் தாண்டவிடுவதில்லை. மேல்பூச்சில் அக்ரிலிக் என்பது தண்ணீரில் கலந்து வரும் வகை. அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போனால்தான் அது இறுகும். காற்று ஈரமாக இருந்தால் மணிக்கணக்கில் பச்சையாகவே கிடக்கும், இரவுப் பனியில் கழுவிக்கொண்டும் போய்விடும். சிலிக்கோன் என்ற இன்னொரு வகை, காற்றின் ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் இறுகும். ஃபோமுக்கு எதிரியான அதே ஈரம் அதற்கு உதவி. அந்தப் பருவத்தையும் தண்ணீர் தேங்கிய பழைய வரலாற்றையும் பார்த்து நான் சிலிக்கோனையே எடுத்தேன். அதுவும் உலர்ந்த ஃபோமின்மேல்தான் ஒட்டும் என்பதால் காலையில் துடைத்துப் பார்ப்பது குறையவில்லை. முதல் பூச்சு சாம்பல் நிறம், இரண்டாவது வெள்ளை. விட்டுப்போன இடம் தானாகக் கண்ணில் படும்.

வேலை முடிந்ததும் சில இடங்களில் வட்டமாக அறுத்து உருளைத் துண்டுகளை எடுத்தோம். பழைய பள்ளம் இருந்த இடம், தொட்டியின் நிழல் விழுந்த பட்டை, நாள் முடிவின் ஓரங்கள் என்று சந்தேகத்துக்குரிய இடங்களாகவே பார்த்து எடுத்தேன். நல்ல இடத்தில் அறுத்துப் பார்த்து மகிழ்ந்துகொள்வதில் பயனில்லை. ஃபோம் பரப்போடு ஒட்டியிருக்கிறதா, அடுக்குகளுக்கு நடுவே கத்தி முனை நுழைகிறதா, மொத்தக் கனம் பேசியபடி இருக்கிறதா என்று பார்த்தோம். பள்ளத்தில் எடுத்த துண்டை இழுத்தபோது ஃபோம் நடுவில் கிழிந்தது. அடி, கான்கிரீட்டோடு நின்றுவிட்டது. நிழல் பட்டையில் ஒரு துண்டு மட்டும் சுளுவாகக் கழன்றது. அதைச் சுற்றி நல்ல பிடிப்புத் தெரியும்வரை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்துக்கு நேரடி வெயில் வரும்வரை காத்திருந்து மறுபடி அடித்தோம். மற்ற துளைகளைச் சீலன்ட் வைத்து அடைத்து, மேலே பூச்சு கொடுத்து, எங்கெங்கே எடுத்தோம் என்பதைக் கூரையின் வரைபடத்தில் குறித்து மேற்பார்வையாளரிடம் கொடுத்திருக்கிறேன். மழைக்குப் பிறகு 48 மணி நேரம் கழித்தும் எங்காவது தண்ணீர் நின்றால் அதே தாளில் குறித்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.